பாதி வண்டி கிரிண்டல்வால்டுக்கு: ஒரு தம்பதியின் ஐரோப்பிய ரயில் பயணம் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தத் தம்பதி திருச்சிக்காரர்கள். கணவர் ரயில்வேயில் டி.டி.ஆராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். வருடா வருடம் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப்போய், எண்ணிக்கை குறையாமல் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தவர். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஷெங்கன் விசா வாங்கி ஆம்ஸ்டர்டாமில் இறங்குவது, கொலோன், மியூனிக், வெனிஸ், சுவிட்சர்லாந்தின் மலைப்பகுதி என்று சுற்றிப் பாரிஸ் சேர்வது, அங்கிருந்து ஊருக்கு விமானம் ஏறுவது என்று திட்டம். நடுவில் எல்லாமே ரயில். அது கணவரின் பிடிவாதம். "காலம் பூரா அடுத்தவன் டிக்கெட்டைப் பாத்தாச்சு. இனிமே நம்ம டிக்கெட்டை எவனாவது பாக்கட்டும்" என்றாராம்.

பெரிய சேதம் எதுவும் நேரவில்லை. நேர்ந்ததெல்லாம் ஊர் திரும்பியதும் சொல்லிச் சிரிக்கிற ரகம். ஆனாலும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. வேலைக்காலம் முழுக்க ரயிலிலேயே இருந்த ஒருவருக்கு, அந்தப் பழக்கத்தினாலேயே வந்த தடுமாற்றங்கள் இவை. இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடு ஒத்துப்போகாத இடங்களில் மனைவியின் பேச்சை எடுத்துக்கொண்டேன். அவர் டைரி எழுதியிருந்தார்.

புறப்படும் முன் எடுத்த முடிவுகள்

சென்னையில் இருக்கும் மகன் இருவருக்கும் யூரெய்ல் பாஸ், அதாவது ஐரோப்பாவின் பல நாட்டு ரயில்களுக்குமான ஒரே டிக்கெட், வாங்கிக் கொடுத்தார். ஒரு மாதத்துக்குள் ஏதாவது 7 நாட்கள் பயணம் செய்யலாம் என்ற வகை. ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கான பாஸ் இது. 60 வயதானவர்களுக்கு 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. பாஸ் ஃபோனில்தான் இருக்கும். ஏறப்போகும் ஒவ்வொரு வண்டியையும் ஏறுவதற்கு முன்பே அதில் சேர்த்துவிட வேண்டும்.

இங்கே எடுத்த ஒரு முடிவு பின்னால் முக்கியமாகிறது. "அம்மாவுக்கு இந்த ஆப்பெல்லாம் சிரமம்" என்று இரண்டு பாஸையும் மகன் அப்பாவின் ஃபோனிலேயே ஏற்றினார். டேட்டா உள்ள சிம்மும் அவருக்கு மட்டும்தான். மனைவியின் ஃபோன் ஹோட்டல் வைஃபையில் மட்டும் உயிர் பெறும். ஹோட்டல் முகவரிகளை அச்செடுத்து ஒரு ஃபைலில் போட்டு மனைவி வைத்துக்கொண்டார். பிரித்துக்கொண்ட விதம் நன்றாகத்தான் இருந்தது, இருவரும் ஒன்றாக இருக்கும் வரை.

இன்னொரு முடிவு நல்ல முடிவு. வண்டி மாறும் இடங்களில், குறிப்பாக ஜெர்மனியில், குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி விட்டார் மகன். ஜெர்மனி என்றால் கடிகாரம் பார்த்து ரயில் ஓடும் என்று நம்மில் பலர் இன்னும் நினைக்கிறோம். 2024ல் அங்கே நெடுந்தூர வண்டிகளில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான். அதுவும் 6 நிமிடத்துக்குள் வந்தால் தாமதமே இல்லை என்ற கணக்கில்.

ஆம்ஸ்டர்டாம்: திறக்காத கதவு

காற்றாலைகள் இருக்கும் ஸான்ஸ ஸ்கான்ஸ் போக ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரலில் உள்ளூர் வண்டி ஏறினார்கள். கால் மணி நேரம் சொச்சம்தான் பயணம். இறங்க வேண்டிய ஸாண்டைக் நிலையம் வந்தது. வண்டி நின்றது. இருவரும் கதவுக்கு நேரே, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மரியாதையாக நின்றார்கள். கதவு திறக்கவில்லை. வண்டி கிளம்பிவிட்டது.

கதவில் பச்சையாக ஒரு பொத்தான் எரிந்துகொண்டிருந்தது. அதை அழுத்தினால்தான் திறக்கும். முந்தின நாள் ஏறிய வண்டிகளில் கூட்டம் இருந்ததால் வேறு யாரோ அழுத்தியிருக்கிறார்கள், இவர்கள் கவனிக்கவில்லை. நம் வண்டிகளில் கதவு பெரும்பாலும் திறந்தே கிடக்கும். அதைச் சாத்தி வைக்கத்தான் டி.டி.ஆர். தொண்டை வற்றக் கத்த வேண்டியிருக்கும். மெட்ரோவிலோ தானாகத் திறந்துகொள்ளும். திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டிய கதவு இருவருக்கும் புதிது.

அடுத்த நிலையமான வொர்மர்வேரில் இறங்கி, எதிர்த்திசை வண்டி பிடித்துத் திரும்பினார்கள். அந்த வட்டாரத்தில் கோகோ ஆலைகள் உண்டு. பிளாட்பாரம் முழுக்கச் சாக்லேட் வாசனை அடித்தது என்று மனைவி டைரியில் எழுதியிருக்கிறார். கதவு பற்றி அதில் ஒரு வரிதான் இருக்கிறது: "பொத்தான். நான் அழுத்துவேன்." அதற்குப் பிறகு பயணம் முழுக்க அவர்தான் அழுத்தினார்.

கொலோன் முதல் மியூனிக் வரை: எழுப்பிவிடப்பட்டவர்

ஜெர்மனியின் அதிவேக வண்டிகளில் பாஸ் இருந்தால் ஏறிக்கொள்ளலாம். இருக்கையை முன்பதிவு செய்வது அவரவர் விருப்பம். சுமார் 5 யூரோ கொடுத்தால் இருக்கை உறுதி. மகன் கேட்டபோது கணவர் வேண்டாம் என்றுவிட்டார். டிக்கெட் இருந்தால் இடம் இருக்கும் என்பது அவர் எண்ணம். இது எனக்குக் கொஞ்சம் வியப்பு. அன்ரிசர்வ்டு பெட்டியை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

கொலோனில் ஏறியபோது நிறைய இருக்கைகள் காலி. ஜன்னலோரம் இரண்டைப் பிடித்து, பெட்டிகளை மேலே ஏற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். இருக்கைக்கு மேலே சின்னத் திரையில் இரண்டு ஊர்ப் பெயர்கள் இருந்தன: ஃப்ராங்ஃபர்ட், நியூரம்பர்க். வண்டி போகும் வழி என்று நினைத்துக்கொண்டார் கணவர். அந்த இருக்கை எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வரை வேறொருவருக்குப் பதிவாகியிருக்கிறது என்பதைத்தான் அந்தத் திரை காட்டிக்கொண்டிருந்தது.

ஃப்ராங்ஃபர்ட்டில் ஒரு இளைஞரும் ஒரு பெண்ணும் வந்து ஃபோனை நீட்டிக் காட்டினார்கள். எழுந்தார்கள். அந்த நிலையத்தில் பாதை முடிந்துவிடுவதால் வண்டி வந்த திசையிலேயே திரும்பிப் புறப்படும். கூட்டம் ஏறிக்கொண்டிருக்க, பெட்டியை இறக்கிக்கொண்டு நின்ற மனைவி, "என்னங்க, வண்டி பின்னாடி போகுது" என்று பதற, "இஞ்சின் மாத்துறாங்கம்மா, ஒண்ணுமில்ல" என்று கணவர் தேற்றினார். எஞ்சின் எதுவும் மாறவில்லை. அந்த வண்டிக்கு இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. ஆனாலும் அன்று அவர் நம்பிக்கையோடு சொன்ன ஒரே விஷயம் அதுதான் என்பதால் மனைவி குறுக்கே பேசவில்லை.

வேறு இரண்டு இருக்கை கிடைத்தது. வூர்ஸ்பர்க்கில் மறுபடி எழுப்பிவிடப்பட்டார்கள். மூன்றாவதாகக் கிடைத்த இடத்தில் யாரும் வரவில்லை என்றாலும் கணவர் நிம்மதியாக உட்காரவில்லை. ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் பாதி எழுந்தார். கடைசியில் பரிசோதகர் வந்தபோதுதான் விவரம் தெரிந்தது. பதிவு செய்தவர் வண்டி கிளம்பிய 15 நிமிடத்துக்குள் வந்து உட்காரவில்லை என்றால் அந்த இடத்தை வேறு யாரும் எடுத்துக்கொள்ளலாம். அதைக் கேட்டதும் கணவர் தான் யார் என்பதைச் சொல்லிக்கொண்டார். பரிசோதகர் தொப்பியைத் தொட்டு ஒரு சல்யூட் வைத்தாராம். இந்தத் தொப்பி விவரம் டைரியில் இல்லை, கணவர் சொன்னது.

உட்கார்ந்த நிம்மதியில் பேத்திக்கு வீடியோ கால் போட்டார்கள். ஸ்பீக்கரில்தான். எதிரே இருந்த அம்மையார் ஒன்றும் பேசவில்லை. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த, உதட்டில் விரல் வைத்த முகப் படத்தைத் தன் விரலால் இரண்டு முறை தட்டிக் காட்டினார். அது அமைதிப் பகுதி. பேத்தி பாட்டைப் பாதியில் நிறுத்த மறுத்ததால், பாட்டி ஃபோனைச் சேலைத் தலைப்பில் பொத்திக்கொண்டு இரண்டு பெட்டிக்கும் நடுவே உள்ள இடத்துக்கு ஓடினார்.

வெனிஸ் என்று எழுதியிருந்தது

மியூனிக்கிலிருந்து ஆல்ப்ஸைப் பிரென்னர் கணவாய் வழியாகத் தாண்டி வெனிஸ் வரை நேர் வண்டி. பகல் பயணம். இந்த நாளில் எல்லாம் சரியாகப் போனது, கடைசிப் பத்து நிமிடம் தவிர. நிலையப் பலகையில் வெனேசியா என்று பார்த்ததும் இறங்கிவிட்டார்கள். பலகையில் அதற்குப் பின்னால் மெஸ்த்ரே என்றும் இருந்தது. அது நிலப்பகுதியில் உள்ள புறநகர். கால்வாயும் படகும் உள்ள வெனிஸுக்குச் சாந்தா லூசியா நிலையம் வரை போக வேண்டும்.

வெளியே வந்தால் பஸ், டாக்ஸி, டிராம். தண்ணீரைக் காணோம். எழும்பூரில் இறங்கிக்கொண்டு சென்ட்ரலைத் தேடுகிறவர்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன் என்று பின்னால் அவரே சொன்னார். மனைவி ஃபைலை எடுத்து ஹோட்டல் முகவரியைக் காட்டிக் கேட்க, மறுபடி உள்ளே போய் அடுத்த வண்டி ஏறுங்கள் என்றார்கள்.

ஏறினார்கள். வண்டி கடல்கழிக்கு மேலே போகும் நீளப் பாலத்தில் ஏறியது. 1846ல் இந்தப் பாலம் திறக்கும் வரை வெனிஸுக்குப் படகு ஒன்றுதான் வழி. இரண்டு பக்கமும் தண்ணீர், மாலை வெயில், மனைவி ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார். அப்போது கணவருக்கு ஒரு விஷயம் உறைத்தது: இந்த வண்டியைப் பாஸில் சேர்க்கவில்லை. பெட்டியின் மறுகோடியில் சீருடையில் ஒருவர் நின்றார். டிக்கெட் இல்லாதவன் பரிசோதகரைக் கண்டதும் முகத்தை எப்படி வைத்துக்கொள்வான் என்பது இவருக்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே எந்த முகமும் வைக்க வரவில்லை. ஆப்பைத் திறந்து தடுமாறிக்கொண்டிருக்கும்போதே சாந்தா லூசியா வந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை. விதிப்படி இது தவறு. கேட்டிருந்தால் அபராதம் கட்ட வேண்டி வந்திருக்கலாம்.

இன்டர்லாக்கன்: இரண்டாகப் பிரியும் வண்டி

வெனிஸிலிருந்து மிலான், அங்கிருந்து 1906ல் திறந்த சிம்ப்ளான் சுரங்கம் வழியாகச் சுவிட்சர்லாந்து, ஸ்பீட்ஸில் மாறி இன்டர்லாக்கன் ஓஸ்ட். தங்குமிடம் லாட்டர்புருன்னன் என்ற பள்ளத்தாக்குக் கிராமத்தில். அதற்கு இன்டர்லாக்கன் ஓஸ்டில் மலை ரயில் ஏற வேண்டும். 1890ல் தொடங்கிய பாதை. மீட்டர்கேஜ், செங்குத்தான இடங்களில் வண்டியின் பல்சக்கரம் பிடித்து ஏறத் தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் உண்டு. நீலகிரி மலை ரயிலும் மீட்டர்கேஜ், அதிலும் பல்சட்டம் உண்டு என்பதால் கணவருக்கு நிலைகொள்ளவில்லை. இந்தப் பயணத்தில் அவர் ஆவலோடு காத்திருந்த வண்டியே இதுதான்.

இந்த வண்டி கிளம்பும்போது ஒரே வண்டி. ட்ஸ்வைலூட்ஷினன் என்ற சின்ன ஊரில், இரண்டு மலையாறுகள் கூடும் இடத்தில், இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லாட்டர்புருன்னனுக்கு, மறு பாதி கிரிண்டல்வால்டுக்கு. எந்தப் பாதி எங்கே போகும் என்பது பிளாட்பாரத்திலும் வண்டியிலும் எழுதியிருக்கும். மனைவி அதைப் பார்த்துச் சரியான பாதியில் ஏறி, இரண்டு சூட்கேஸையும் ஏற்றி, இடம் பிடித்தார்.

கணவர் ஏறவில்லை. இரண்டு பாதியும் இணையும் இடத்தில் கப்ளிங் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனார். நம் ஊரில் ஆள் இறங்கி மாட்டுவதை இங்கே தானாகவே பிடித்துக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தார், ஃபோட்டோ எடுத்தார். கதவு மூடப்போகும் ஒலி கேட்டது. பக்கத்தில் இருந்த கதவில் ஏறிக்கொண்டார். அது கிரிண்டல்வால்டு பாதி.

உள்ளே வழியாகவே நடந்து மனைவியிடம் போய்விடலாம் என்று பார்த்தால் நடுவில் வழி இல்லை. முதல் நிறுத்தமான வில்டர்ஸ்வில்லில் இறங்கி ஓடி மாறலாமா என்று யோசித்தார். நிற்பது கொஞ்ச நேரம்தான். ஓடிப்போய் ஏறுகிறவர்களை வாழ்நாள் முழுக்கத் திட்டியவர் ஆயிற்றே. கடைசி நிலையத்தில் சேர்ந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தார். வண்டி பிரியும் என்ற அறிவிப்பு ஆங்கிலத்திலும் வந்தது. யாரோ வேறு வண்டிக்கு மாறுகிறவர்களுக்காகச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். நம் ஊரிலும் ஒரு காலத்தில் ஸ்லிப் கோச் கழற்றி வேறு வண்டியில் மாட்டுவது உண்டு, அது அவருக்குத் தெரியாதது அல்ல. ஆனால் அதற்கு எஞ்சின் வர வேண்டும், ஷன்டிங் நடக்க வேண்டும், ஒரு அரை மணி நேரமாவது ஆக வேண்டும். இங்கே ஒரு சின்ன அதிர்வுகூட இல்லை. ஜன்னல் வழியே பார்த்தபோது வண்டியின் மறு பாதி தனியாக வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதில் மனைவி இருந்தார், சூட்கேஸ் இருந்தது, ஹோட்டல் முகவரி இருந்தது.

மனைவி எடுத்த முடிவு

அவரிடம் டிக்கெட் இல்லை, டேட்டா இல்லை. பரிசோதகர் வந்தார். கணவர் மறு பாதியில் இருக்கிறார், டிக்கெட் அவர் ஃபோனில் என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். என் கணவரே டிக்கெட் பரிசோதகர்தான் என்றும் சேர்த்துக்கொண்டார். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு நம்ப முடியாத பேச்சு என்று தோன்றியதாம். பரிசோதகர் சிரித்துவிட்டார். பாஸ்போர்ட்டைப் பார்த்தார், அபராதம் போடவில்லை. அரை மணிக்கு ஒரு வண்டி உண்டு, லாட்டர்புருன்னனில் இறங்கி அங்கேயே இருங்கள் என்றார்.

அவர் அதற்கு முன்பே அப்படித்தான் முடிவு செய்திருந்தார். சுற்றுலாவில் பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் விதி: தொலைந்தால் நின்ற இடத்திலேயே நில், தேடுகிற வேலை ஒருத்தருக்குத்தான். இருவரும் தேடக் கிளம்பினால் இரண்டு வண்டிகளும் எதிரெதிரே கடந்து போகும். பிளாட்பாரத்தில், எல்லா வண்டியும் கண்ணில் படும்படி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் கொரியாவிலிருந்து வந்த ஒரு இளம் தம்பதி. அவர்கள் ஹாட்ஸ்பாட் கொடுக்க, கணவருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போட்டார்: "நான் இங்கேயே இருக்கேன். நீங்க வாங்க. ஓடாதீங்க."

கணவர் எடுத்த முடிவு

கடைசி வரை போய்த் திரும்புவதா, அடுத்த நிறுத்தத்தில் இறங்குவதா? அடுத்த நிறுத்தமான லூட்ஷென்டாலில் இறங்கினார். தூரம் கூடக்கூடத் திரும்பும் நேரமும் கூடும் என்ற கணக்கு. சரியான முடிவுதான். அங்கே ஆள் அரவம் இல்லை. ஆறு, புல்வெளி, மணி கட்டிய மாடுகள். கீழே போகும் வண்டி வந்ததும் ஏறி, ட்ஸ்வைலூட்ஷினனில் மாறி, லாட்டர்புருன்னன் சேர்ந்தார். பிரிந்ததற்கும் சேர்ந்ததற்கும் நடுவே ஒரு மணி நேரம் போல ஆனது.

இறங்கியதும் மனைவி கேட்டது, "டிக்கெட் எடுத்தீங்களா?" திரும்பி வந்த வழிக்கு அவரிடம் டிக்கெட் இல்லைதான்.

பின்பு நடந்தது

அங்கிருந்து பாரிஸ் வரை சொல்லும்படி ஒன்றும் நேரவில்லை. பாஸ் வைத்திருப்பவர்களும் பிரெஞ்சு அதிவேக வண்டிகளுக்கு முன்பதிவு செய்தே ஆக வேண்டும், அதில் பாஸ்காரர்களுக்கான இடமும் குறைவு. மகன் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார். புறப்பட 2 நிமிடம் இருக்கும்போதே கதவை மூடிவிடுவார்கள் என்று படித்திருந்ததால் கணவர் பிளாட்பாரத்தில் எதையும் குனிந்து பார்க்கவில்லை.

மொத்தமாகப் பார்த்தால் கூடுதல் செலவு மிகக் குறைவு. சில உள்ளூர் டிக்கெட்டுகள், ஒரு காபி. வெனிஸில் ஹோட்டல் சேர இருட்டிவிட்டது. வேறு இழப்பு இல்லை.

அடுத்த முறைக்கு

இருவரும் மறுபடி போகத் திட்டமிடுகிறார்கள். மாற்றப்போவதில் முதலாவது, ஆளுக்கொரு ஃபோனில் ஆளுக்கொரு பாஸ், இருவரிடமும் டேட்டா. எல்லாவற்றையும் ஒருவரிடம் ஒப்படைப்பது வீட்டில் வசதி. வண்டி இரண்டாகப் பிரியும் ஊரில் வசதி இல்லை. ஹோட்டல் முகவரியின் இன்னொரு அச்சு கணவரின் சட்டைப் பையில். ஏறும்போது பெட்டி எண்ணோடு, அந்தப் பெட்டி எந்த ஊர் வரை போகிறது என்பதையும் கதவருகே உள்ள பலகையில் பார்ப்பது. சுவிட்சர்லாந்தில் மட்டும் இல்லை, ஜெர்மனியின் சில அதிவேக வண்டிகளும் ஹம் என்ற ஊரில் இப்படிப் பிரிகின்றன. இரவு வண்டிகளில் பெட்டிகளைப் பிரித்து மாற்றி மாட்டுவது அன்றாடம் நடப்பது. இறங்க வேண்டிய நிலையத்தின் முழுப் பெயரையும் எழுதி வைப்பதாகவும் சொல்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் இன்னும் உடன்பாடு இல்லை. ஜெர்மனியில் இருக்கைக்கு 5 யூரோ தண்டம் என்கிறார் கணவர். 15 நிமிடம் நின்றால் இடம் தானாகக் கிடைக்கும் என்பது அவர் வாதம். மனைவி தன் இருக்கைக்கு மட்டும் பதிவு செய்யச் சொல்லி மகனிடம் பணம் கொடுத்துவிட்டார்.